தூண்டிலைக் கைவிடும் உத்தி

அழகுபாண்டியிடம் ஏழு தூண்டில் ராடுகளும், நரம்பு சுற்றும் ஒன்பது ரீல்களும் இருந்தன. மீன்தான் அதுவரை ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.

திருநகரில் சொந்த வீடு. திருமங்கலம் போகிற சாலையில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் துறைத் தலைவர். வயது நாற்பத்தாறு. பல்சக்கரங்களைப் பற்றி இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறார். இருபது வருடமாக மாணவர்கள் கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாகத் தூங்கி வருகிறார்கள். இப்படி இருக்கையில் ஒருநாள் யூட்யூபில் ஒரு அமெரிக்கரைப் பார்த்தார். தொப்பி போட்ட அந்த மனிதர் தூண்டில் ரீலின் கியர் விகிதத்தைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பன்னிரண்டு லட்சம் பேர் விழித்திருந்து கேட்டிருந்தார்கள். அழகுபாண்டிக்குத் தான் எதற்காகப் பிறந்தோம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த அமெரிக்கர் பிடித்துக் காட்டியது பாஸ் என்கிற மீன். வாய் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. மதுரையைச் சுற்றி எந்தக் கண்மாயிலும் அது கிடையாது. ஆனால் நம் ஊர் விராலுக்கும் அதே குணம்தான். செடிக்கடியில் பதுங்கியிருந்து தவளையைக் கண்டால் பாயும். ஆகவே பாஸுக்குச் செய்த சாமான்கள் விராலுக்கும் பொருந்தும் என்று அழகுபாண்டி முடிவுகட்டினார். முதல் ராடு பார்சலில் கல்லூரிக்கே வந்து இறங்கியது. "பாஸ் ராடு" என்று அவர் பெருமையாகச் சொன்னதும் அலுவலகத்து அட்டெண்டர் குரலைத் தாழ்த்தி, "எந்த பாஸுக்கு சார்? கரஸ்பாண்டென்ட் அய்யாவுக்கா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டு ஹாலில் செய்தித்தாள் விரிக்கப்படும். ஒன்பது ரீல்களும் திருகாணி திருகாணியாகக் கழற்றப்படும். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய், பல்சக்கரத்துக்குக் கெட்டி கிரீஸ், மூலை முடுக்குகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. தண்ணீரையே பார்த்திராத ரீல்களுக்குள் தண்ணீர் புகுந்துவிடாமலிருக்க இத்தனை பாடு.

அவர் மனைவி ரோகிணி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். துடைப்பத்தோடு வந்து செய்தித்தாளின் ஓரத்தில் நிற்பாள்.

"எங்க லேப்ல மிஷினைக்கூட இம்புட்டுத் தடவை தொடைக்க மாட்டோம். அதுல தெனமும் நூறு பேரு ரத்தம் ஓடுது. இதுல என்னங்க ஓடுது?"

"இது ப்ரிவென்டிவ் மெயின்டனன்ஸ், ரோகிணி. உனக்குப் புரியாது."

"எதை ப்ரிவென்ட் பண்றீங்க? மீனையா?"

அவர் பஞ்சுக் குச்சியைக் காதருகே கொண்டுபோய், பிறகு ஞாபகம் வந்து ரீலுக்குள் விடுவார்.

மீன் பிடிக்கப் போனதே இல்லை என்று சொல்லக்கூடாது. நான்கு முறை போயிருக்கிறார். ஒருமுறை காற்று அதிகம். ஒருமுறை தண்ணீர் கலங்கல். ஒருமுறை ராடு அரையடி குட்டை என்று கரையில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. நான்காம் முறை நரம்பு கொஞ்சம் தடிமன். ஆக, குற்றம் ஒருபோதும் அவரிடம் இருந்ததில்லை. அதனால் அடுத்த சாமான் வந்தது.

மீன் கிடைக்காவிட்டாலும் ஆட்கள் கிடைத்தார்கள். 'தூண்டில் தளபதிகள்' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தார். இருநூறுக்கு மேல் உறுப்பினர்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே தீர்ப்பு வழங்கத் தொடங்கிவிடுவார். ராடு ஏழடி இருக்க வேண்டும். நுனி வளையலாம், இடுப்பு வளையக்கூடாது. ரீல் ராடுக்கு மேலே உட்கார வேண்டும். கீழே தொங்குவதெல்லாம் குழந்தைகளுக்கு. பழைய நைலான் தங்கூசி நரம்பைத் தூக்கி எறிய வேண்டும்; எட்டு இழை பின்னிய பிரைடுதான் நரம்பு. எட்டு இழை வாங்கியவன் வந்து நின்றால், நான்கு இழைதான் செடியை அறுக்கும் என்பார். நான்கு இழைக்காரனுக்கு எட்டு.

இந்தத் தீர்ப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் கடைப்பிடித்தவன் பரவையில் பல் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் சூர்யபிரகாஷ். முப்பத்தைந்து வயது, கை நிறைய வருமானம், வாய் நிறைய "அண்ணே". அழகுபாண்டி சொல்லிச் சொல்லி நான்கு செட் வாங்கியிருந்தான். ஐந்தாவதுக்குக் காத்திருந்தான்.

"அண்ணே, நீங்க பிடிச்சதுலயே பெருசு எது?" என்று அவன்தான் ஒருநாள் குழுவில் கேட்டான்.

அழகுபாண்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "விரால். ஆறு கிலோ. எந்தக் கண்மாய்னு சொல்ல மாட்டேன். போட்டோ எடுக்கல. மீனைத் துன்புறுத்தக்கூடாது, உடனே தண்ணில விட்டுடணும்" என்று எழுதினார். பொய்தான். ஆனால் அதில் கருணை கலந்திருந்ததால் அவருக்கே அது பொய்யாகத் தோன்றவில்லை. தொண்ணூறு கும்பிடுகள் வந்து விழுந்தன.

இந்தச் சமயத்தில்தான் தமிழ்ச்செல்வி குழுவில் சேர்ந்தாள்.

வாடிப்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊர் அதற்கு இரண்டு மைல் தள்ளி. சேர்ந்த மறுநாளே ஒரு போட்டோ போட்டாள்: கீழே தொங்குகிற வகை ரீல், பச்சைப் பெயின்ட் உரிந்து, கைப்பிடி ஒரு பக்கம் லேசாக வளைந்து. "சார், மண்ணுல விழுந்ததுலருந்து சுத்துறப்ப கரகரன்னு சத்தம் வருது. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருந்தாள்.

அழகுபாண்டி பதினோரு வாய்ஸ் நோட்டுகள் அனுப்பினார். சாராம்சம்: அது ரீலே இல்லை, தகர டப்பா, தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கவும். எது நல்லது என்பதற்கு மட்டும் ஆறு வாய்ஸ் நோட்டுகள்.

மறுநாள் அவள் எழுதினாள்: "தொறந்து மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் வச்சு, தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன் சார். சத்தம் நின்னுருச்சு. நன்றி."

"தையல் மிஷின் எண்ணெயா? அது ரீலைக் கொலை செய்வதற்குச் சமம்" என்று அழகுபாண்டி பொங்கினார். பிறகு தனியே அவளுக்கு ஒரு செய்தி அனுப்பி, எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். அந்தக் கேள்வியில் பாதி ஊரைப் பற்றியது. மீதிப் பாதி எதைப் பற்றியது என்பது, அதைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தமிழ்ச்செல்வி தனியே பதில் சொல்லவில்லை. குழுவில் எல்லோர் முன்னாலும் எழுதினாள்.

"நான் வாடிப்பட்டிப் பக்கம் சார். எங்க ஊர்க் கண்மாயில மீன் குத்தகை எங்க சித்தப்பா மலைச்சாமிதான் எடுத்திருக்காரு. இம்புட்டு விவரம் தெரிஞ்சவுங்க எல்லாரும் ஒருநாள் வாங்களேன். சார் மீன் பிடிக்கிறதைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு."

அதன்பின் கேட்க வேண்டுமா? "அருமை", "எப்ப அண்ணே?", "குருவின் தரிசனம்" என்று செய்திகள் கொட்டின. சூர்யபிரகாஷ் டீ சர்ட்டுக்கு அளவு எடுக்க ஆரம்பித்துவிட்டான். அழகுபாண்டி காற்று, நிலா, காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. அடுத்த ஞாயிறு என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை கல்லூரிக்கு விடுப்பு போட்டுவிட்டு, இருப்பதிலேயே விலை கூடிய ரீலை எடுத்து மறுபடியும் சுத்தம் செய்ய உட்கார்ந்தார். சுழலும் உருளையின் அடியில் பழைய தங்கூசி நாலைந்து சுற்று இருந்தது. வாங்கிய கடைக்காரர் சுற்றிக் கொடுத்தது. ஜப்பான் ரீலுக்குள் தங்கூசியா என்று அருவருப்போடு அதை அறுத்து எறிந்தார். உருளையைக் கண்ணாடிபோலத் துடைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் தடவித் திரும்பவும் துடைத்தார். அந்த வழவழப்பின் மேல் புதுப் பின்னல் நரம்பை நேராகக் கட்டிச் சுற்றினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தது. ஓரமெல்லாம் அல்லி இலை, நடுவில் நாலைந்து கருவேலமரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. காலை ஏழு மணிக்கு அழகுபாண்டியைச் சுற்றிப் பதினான்கு பேர் கரையில் கூடியிருந்தார்கள். எல்லோர் மார்பிலும் 'தூண்டில் தளபதி' என்று அச்சடித்திருந்தது. கறுப்புக் கண்ணாடி, கைக்கு உறை, கழுத்துக்குத் துணி, பதினெட்டுப் பை வைத்த சட்டை. தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் யாரோ போலீஸ் என்று நினைத்து ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மலைச்சாமி மடையின் மேல் உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய ஆள். மடித்துக் கட்டிய கைலி, தோளில் ஈரத்துண்டு.

"ஏப்பா, நீதான் குத்தகைதாரரா?" என்றார் அழகுபாண்டி. "கவலைப்படாத. நாங்க மீனைக் கொண்டுபோக மாட்டோம். பிடிப்போம், விட்டுருவோம்."

"விட்டுருவீங்களா?"

"ஆமா. அதுதான் ஸ்போர்ட்."

மலைச்சாமி பதினான்கு பேரையும், அவர்கள் கால்மாட்டில் கிடந்த பெட்டிகளையும் ஒரு சுற்று பார்த்தார். "அப்ப வாயில ஓட்டையப் போட்டு, மன்னிப்பு கேட்டு அனுப்புறதுக்கா சார் இம்புட்டுச் சாமானும்?"

யாரும் சிரிக்கவில்லை. தமிழ்ச்செல்வி மட்டும் திரும்பி நின்றுகொண்டாள். சுடிதார் மேல் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அந்தப் பச்சை ரீலோடு வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். நர்ஸ் வேலைக்கு நடுவில் இது எதற்கு என்று சூர்யபிரகாஷ் கேட்டதற்கு, "வாரத்துல ஆறு நாளு சிஸ்டர் சிஸ்டர்னு பத்துப் பக்கம் கூப்பிடுறாங்க டாக்டர். இங்க வந்தா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான்" என்றாள்.

மீன்கள் காலையில்தான் இரை எடுக்கும். தளபதிகளோ முதலில் உரை கேட்டார்கள். ராடு தேர்ந்தெடுப்பது எப்படி, ரீலை எந்தக் கைக்கு வாங்குவது, நரம்பின் நிறம் மீனின் மனநிலையை எப்படிப் பாதிக்கிறது என்று அழகுபாண்டி ஒன்றேகால் மணி நேரம் பேசினார். அவருக்குப் பின்னால் தண்ணீரில் விரால்கள் சளக் சளக் என்று இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போயின. எவரும் தூங்கவில்லை. அவர் வாழ்க்கையின் மிக நல்ல ஒன்றேகால் மணி நேரம் அது. அங்கேயே முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"அண்ணே, ஒரு வீச்சு!" என்றான் சூர்யபிரகாஷ். ஏழெட்டு செல்போன்கள் உயர்ந்தன.

முதல் வீச்சில் முள் வைத்த ரப்பர் தவளை நாலடியில் பொத்தென்று விழுந்தது. உருளையின் மேல் கட்டைவிரலை வைத்து அடக்க வேண்டும் என்று நூறு தடவை சொன்னவர், வைக்க மறந்துவிட்டார். நரம்பு பொங்கி வழிந்து ரீலின் மேல் ஒரு குருவிக்கூடு கட்டிவிட்டது. மூன்று பேர் குந்தி உட்கார்ந்து இருபது நிமிடம் பிரித்தார்கள். "புது நரம்புன்னா முதல் வீச்சு இப்படித்தான். இதைப் பழக்குறதுன்னு சொல்றது" என்று அவர் விளக்கினார். இரண்டு பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

இரண்டாவது வீச்சு எப்படியோ அல்லி இலைகளின் ஓரத்தில் போய் விழுந்தது. கைதட்டல். அழகுபாண்டி தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இப்ப பாத்தீங்கன்னா, தவளை தண்ணில இருக்கிறப்ப விரால் என்ன மனநிலையில..."

பின்னால் ஒரு சத்தம். பாறாங்கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டதுபோல.

"சார், அடிச்சிருச்சு! இழுங்க!" என்று தமிழ்ச்செல்வி கத்தினாள்.

அழகுபாண்டி திரும்பினார். கையில் கம்பு உயிர் வந்ததுபோல் துடித்தது. நாற்பத்தாறு வருடத்தில் முதன்முறையாக நரம்பின் மறுமுனையில் யாரோ இருந்தார்கள். வீடியோவில் அந்த அமெரிக்கர் இந்த இடத்தில் சிரிப்பார். அழகுபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கைப்பிடியைச் சுற்றினார். சுழன்றது. இன்னும் வேகமாகச் சுற்றினார். தங்கூசியின் பிடிப்பு போன வழவழ உருளை கிறுகிறுவென்று சுழல, அதன்மேல் இருந்த நரம்புக் கட்டு அப்படியே அசையாமல் நின்றது. சட்டைக்குள் உடம்பு மட்டும் திரும்புகிற மாதிரி. ஒரு அங்குல நரம்பு உள்ளே வரவில்லை.

"அண்ணே, டிராக்! டிராக்கை டைட் பண்ணுங்க!"

குனிந்து, ரீலை இறுக்கும் அந்தத் திருகைத் தேடினார். அந்த நேரம் பார்த்து, விரால் இலைகளைக் கிழித்துக்கொண்டு அரையாள் உயரம் எம்பி, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுந்தது. பார்த்ததா என்பது மீனுக்குத்தான் தெரியும். அழகுபாண்டிக்கு அப்படித்தான் பட்டது.

"அய்யோ அம்மா!" என்று அலறி இரண்டு கைகளையும் விரித்துவிட்டார்.

ராடு தண்ணீரில் விழுந்தது. விழுந்து கிடக்கவும் இல்லை, புறப்பட்டுவிட்டது. முன்னால் மீன், பின்னால் ஜப்பான் ரீலும் ஏழடிக் கம்பும். தக்கைப் பிடி மட்டும் மேலே தலையை நீட்டிக்கொண்டு கருவேலமரங்களைப் பார்க்கப் போயிற்று. பதினான்கு தளபதிகளும் கரையோரமாகவே கொஞ்ச தூரம் அதன் கூடவே ஓடினார்கள். தண்ணீரில் இறங்க யாருக்கும் தோன்றவில்லை. ஷூ போட்டிருந்தார்கள்.

தமிழ்ச்செல்வி ஓடவில்லை. மடையின் மேல் ஏறி நின்று, ராடு போகிற போக்கைக் கொஞ்ச நேரம் கவனித்தாள். பிறகு தன் தூண்டிலை வீசினாள். தவளை, போய்க்கொண்டிருந்த ராடுக்கும் மீனுக்கும் நடுவே நரம்பைத் தாண்டி அப்புறம் விழுந்தது. மெதுவாக இழுத்தாள். அவள் தூண்டில் முள் அவருடைய நரம்பில் மாட்டியது. பச்சை ரீல் சத்தமில்லாமல் சுழல ஆரம்பித்தது. மீன் ஒரு பக்கம் இழுத்தால் விட்டுக்கொடுத்தாள், நின்றால் சுற்றினாள். பத்து நிமிடம் இப்படியே போயிற்று. கடைசியில் மலைச்சாமி கைலியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, செவுளில் விரலைக் கொடுத்து மீனைத் தூக்கினார். இன்னொரு கையில் ராடு.

"இந்தாங்க சார், ஒங்க கம்பு" என்று நீட்டினார். "ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல இருக்கும் இந்த மீனு. நல்ல மீனு."

"நன்றிண்ணே" என்றார் அழகுபாண்டி. காலையில் சொன்ன 'ஏப்பா' எங்கோ தண்ணீரில் போய்விட்டிருந்தது.

கரையில் பதினான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவர்கள் மனதில் என்ன ஓடியது என்று அழகுபாண்டிக்கு நன்றாகவே கேட்டது. இவர் போலி என்றால், இவர் பேச்சைக் கேட்டு வாங்கியதெல்லாம் என்ன? வீட்டில் சண்டை போட்டு வாங்கிய ராடுகள், மனைவிக்குத் தெரியாமல் கிளினிக் முகவரிக்கு வரவழைத்த ரீல்கள்? அவர் முட்டாளானால் பதினான்கு பேரும் அவரோடு முட்டாளாக வேண்டும்.

சூர்யபிரகாஷ்தான் முதலில் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே... ராடை வேணும்னேதான விட்டீங்க?"

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தார்.

"மீனைக் களைக்க வைக்கிறதுக்கு. ராடோட வெயிட்டை இழுத்து இழுத்து அது சோர்ந்து போயிரும்ல? நான் எங்கயோ படிச்சிருக்கேன் அண்ணே."

"நானும் பாத்திருக்கேன். வெளிநாட்டுல செய்வாங்க" என்றார் இன்னொருவர்.

"அந்த 'அய்யோ அம்மா'?" என்றார் மலைச்சாமி.

"அது டைமிங்கு" என்றான் சூர்யபிரகாஷ்.

அழகுபாண்டி இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்ததும் உண்மை. ஆனால் பதினான்கு முகங்களும் அவரை அவ்வளவு ஆசையாக, அவ்வளவு கெஞ்சலாகப் பார்த்தன. வாயை மூடிக்கொண்டு, லேசாகத் தலையை அசைத்தார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஈ ஓட்டியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு போட்டோ. அழகுபாண்டி விராலைக் கையில் ஏந்தி நின்றார். பக்கத்தில் வந்து நின்ற தமிழ்ச்செல்வியிடம் செல்போனை வைத்திருந்தவர், "சிஸ்டர், கொஞ்சம் ஓரமா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். அழகுபாண்டியைப் பார்த்தாள். அழகுபாண்டி மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் ரீலை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கி நடந்துவிட்டாள். மீனை விட்டுவிடலாம் என்று யாரோ கொள்கையை ஞாபகப்படுத்தினார்கள். "குத்தகை என்னுது சார்" என்று சொல்லி மலைச்சாமி அதைச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

மாலைக்குள் குழுவில் போட்டோ வந்துவிட்டது. மீன் நான்கு கிலோ ஆகியிருந்தது. கீழே சூர்யபிரகாஷ் எழுதியிருந்தான்: "கைவிடும் உத்தி. குருநாதர் நேரடி செயல்முறை விளக்கம்."

முதல் இரண்டு நாள் அழகுபாண்டி போனைத் திறக்கவே கூசினார். மூன்றாம் நாள் ஒருவர், ராடை எத்தனை வினாடியில் கைவிட வேண்டும் என்று கேட்டார். கேள்வி தொழில்நுட்பம் சார்ந்தது. பதில் சொல்லாமலிருக்க அவரால் முடியவில்லை. "மீன் இரண்டாம் முறை எம்பும்போது. அதற்கு முன்னால் விட்டால் பயனில்லை" என்று எழுதினார். வாரக் கடைசிக்குள் அது ஏழு வாய்ஸ் நோட்டாக வளர்ந்திருந்தது.

அந்த மாதத்தில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் ஆறு ராடுகள் கைவிடப்பட்டன. ஒன்றுகூட மீனோடு திரும்பி வரவில்லை. மலைச்சாமி கண்மாயில் வலை இழுத்தபோது இரண்டு சிக்கின. தமிழ்ச்செல்வி அவற்றைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டாள்: "இது யாருது? வந்து வாங்கிக்கங்க. சித்தப்பா வலை கிழிஞ்சு போச்சு." யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

ஏழாவது ராடு சூர்யபிரகாஷுடையது. பரவைக் கண்மாயில், ஒரு ஞாயிறு மத்தியானம். கரையிலிருந்தே போன் போட்டான். அழகுபாண்டி ஸ்பீக்கரில் பேசினார்; கையில் கிரீஸ்.

"அண்ணே, போயிருச்சு அண்ணே. புது செட்டு. நீங்க சொன்ன மாதிரி ரெண்டாவது எம்புல விட்டேன். நேரா நடுக் கண்மாய்க்குப் போயிருச்சு."

"அரை செகண்டு லேட்டா விட்டிருப்ப."

"அப்படியா அண்ணே?"

"அப்படித்தான். அடுத்ததுல சரி பண்ணிரலாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ரோகிணி நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் ரிப்போர்ட் சரியில்லை என்று அர்த்தம்.

"ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குப் பயந்துதான விட்டீங்க?"

அவர் ரீலின் மேல் குனிந்தார்.

"ஏங்க, எனக்கு மீனும் தெரியாது, ரீலும் தெரியாது. ஒங்களைத் தெரியும். பல்லி விழுந்தாக்கூட ரெண்டு கையையும் இப்படித்தான விரிப்பீங்க?"

அழகுபாண்டி கிரீஸ் கையைச் செய்தித்தாளில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"ஆமா" என்றார். "பயந்துட்டேன். அம்புட்டு வேகமா இழுக்கும்னு எனக்குத் தெரியாது ரோகிணி. வீடியோவுல அது தெரியல."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவரை என்னமோ செய்தது.

"என்கிட்டச் சொன்னதை அந்தப் பல் டாக்டருகிட்டச் சொல்லுங்க. பாவம், அவனும் குடும்பம் நடத்துறான்."

எழுந்து போய் ஜன்னலோரம் நின்று போனை எடுத்தார். குழுவைத் திறந்து, ஒரே வாய்ஸ் நோட்டு. வாழ்க்கையிலேயே அவர் அனுப்பியதில் சின்னது.

"எல்லாருக்கும் வணக்கம். அன்னைக்குக் கண்மாயில நான் ராடை வேணும்னு விடல. பயந்து விட்டுட்டேன். அதுல உத்தி ஒண்ணும் இல்ல. ஆறு கிலோ விராலும் பொய். நான் இதுவரைக்கும் ஒரு மீன்கூடப் பிடிச்சதில்ல. அன்னைக்குப் பிடிச்சது தமிழ்ச்செல்வி. யாரும் இனிமே ராடைத் தண்ணில விடாதீங்க. மன்னிச்சுக்கங்க."

அனுப்பிவிட்டார். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. முதலில் சூர்யபிரகாஷ், பரவைக் கண்மாய்க் கரையிலிருந்தே எழுதினான்.

"என்ன ஒரு அடக்கம்! கத்துக்குடுத்த பெருமைகூட வேண்டாம்னு சொல்ற மனசு யாருக்கு வரும்?"

அடைப்பு திறந்துகொண்டது. "நிறைகுடம் அண்ணே நீங்க." "ஒரு பெண்ணுக்குப் புகழை விட்டுக்கொடுத்த பெருந்தன்மை." "பயந்தேன்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும்!" "கண்ணு கலங்கிருச்சு." கும்பிடுகள், மாலைகள், கும்பிடுகள். அவர் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஒருவர் இந்த வாய்ஸ் நோட்டை மற்ற மாவட்டக் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டதாகத் தெரிவித்தார். இன்னொருவர், இரண்டாவது எம்பலா மூன்றாவது எம்பலா என்பதை மட்டும் குருநாதர் உறுதி செய்தால் நல்லது என்று கேட்டிருந்தார்.

நடுவில் எங்கேயோ தமிழ்ச்செல்வியின் ஒற்றை வரி. "நெசத்தைச் சொல்லிட்டீங்க சார். சந்தோஷம். நான் குரூப்ல இருந்து வெளியேறுறேன்." அதன் கீழே, சின்ன எழுத்தில், அவள் வெளியேறிவிட்ட செய்தி. அதற்கும் கீழே கும்பிடுகள் தொடர்ந்தன.

அழகுபாண்டி இன்னொரு வாய்ஸ் நோட்டுக்காகப் பொத்தானை அழுத்தினார். என்ன சொல்வது? நான் உண்மையாகவே பயந்தாங்கொள்ளி என்றா? சொன்னால் இதைவிடப் பெரிய மாலை வரும். விரலை எடுத்துவிட்டார். மேலே தள்ளி முதலிலிருந்து எல்லாப் பாராட்டையும் மறுபடி ஒருமுறை படித்தார். 'நிறைகுடம்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு இரண்டு விரலால் மெதுவாக 'நன்றி' என்று தட்டி அனுப்பினார்.

"என்ன, சொல்லிட்டீங்களா?" என்று ரோகிணி உள்ளேயிருந்து கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொல்றாங்க?"

அவர் போனைத் திருப்பி ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்தார். அது அங்கேயே கிடந்து உறுமிக்கொண்டிருந்தது.

"நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. வருத்தம் மட்டும்தான் இருந்தது என்று சொல்ல முடியாது.